வண்ணம் ஏறாத ஓலை

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே, 12ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுதப்பட்ட, படங்கள் தீட்டிய விவிலியத் தோல் சுவடி ஒன்று நெடுங்காலம் இருந்தது. 1806இல் ஆயர் மார் தியோனிசியஸ் அதைப் பாதிரியார் கிளாடியஸ் புக்கானனிடம் கொடுத்தார். இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. மலைக்கு இந்தப் பக்கத்தில், 1606இல் இயேசு சபைத் துறவி தெ நோபிலி மதுரைக்கு வந்தது தொட்டுத் தமிழில் கிறித்தவ நூல்கள் பெருகின. ஆனால் அவற்றை எழுதிய பனையோலை ஏடுகளில் வண்ணமும் பொன்னும் வழக்கமில்லை. பக்தியோ கலையுணர்வோ குறைந்ததால் அல்ல, எழுதப் பயன்பட்ட பொருளே முதற்காரணம் என்பேன்.

தோல் சுவடிக்கு ஆட்டுத்தோலையோ கன்றுத்தோலையோ சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டிக் காயவைப்பார்கள். அகலமான அந்தப் பரப்பு மையையும் நிறத்தையும் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பியர் அதன்மேல் சுண்ணப் பசை பூசி, பொன்தாள் ஒட்டி, வழவழப்பான கல்லால் தேய்த்து மின்ன வைத்தார்கள். பனையோலையோ இரண்டு மூன்று விரற்கடை அகலம். எழுத்தாணி அதைக் கீறும். விளக்குக்கரியைத் தடவித் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் கருமை தங்கும். மேலே உள்ளதைத் துடைத்தெறிவதுதான் இந்த முறையின் உயிர். மேற்பரப்பில் நிறம் பூசினாலும், கயிற்றில் கோத்த ஏடுகள் புரட்டப் புரட்ட ஒன்றோடொன்று உரசும்.

ஒடிசாவில் ஓலையிலேயே படம் வரைந்தார்களே, பால மன்னர் காலத்துப் பௌத்த ஏடுகளில் வண்ண ஓவியங்கள் உண்டே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாலர் ஏடுகள் பெரும்பாலும் தாளிப்பனையில் மைக்கோலால் எழுதப்பட்டவை. அந்த ஓலை அகலமானது, கீறலும் இல்லை. ஒடிசாவின் படங்களோ முதன்மையாகக் கீறிய கோடுகள், நிறம் அளவாகத்தான். ஆனாலும் ஒடிசா என் வாதத்தைத் திருத்துகிறது: ஓலை படத்தைக் கடினமாக்கியது, தடுத்துவிடவில்லை. மீதிக் காரணம் படித்த விதம். நம் ஊரில் ஒருவர் ஏட்டைப் பார்த்து வாசிப்பார், பலர் கேட்பார்கள். வீரமாமுனிவரின் தேம்பாவணி 3,615 பாடல்களில் சூசையப்பர் வரலாற்றைச் சொல்கிறது. காட்சிகளையெல்லாம் சொல்லே தீட்டிவிடுகிறது.

படமில்லாத ஏடு மதிப்பற்றது என்று தோன்றுவதால்தான் பரணில் கிடப்பவை குப்பைக்குப் போகின்றன. இராயப்பன்பட்டி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களில் யார் வீட்டிலாவது ஓலைக்கட்டு இருந்தால் தண்ணீர் பட விடாதீர்கள், ஒட்டிய ஏடுகளைப் பிரிக்காதீர்கள். சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்குத் தெரிவியுங்கள்.