நட்ட காடு: அஷானிங்கா காமிராவை முன்வைத்து

பழங்குடிகளைப் பற்றிய ஆவணப்படம் என்றதும் நம் மனசில் ஓடும் பிம்பங்கள் யாரோ முன்னமே எடுத்து வைத்தவை. மூடுபனி, முதுமரம், சுருக்கம் விழுந்த ஒரு முகம், அதன்மேல் விளக்கிக்கொண்டே போகும் ஒரு குரல். 1922இல் 'நானூக்' எடுத்த ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி, துப்பாக்கி பழகிவிட்ட இனுயிட் வேட்டைக்காரர்களைப் பழைய எறியீட்டியோடு இறக்கினார். இருக்கிற வாழ்க்கை வேண்டாம், நாம் இழந்துவிட்டதாகக் கற்பித்துக்கொண்ட வாழ்க்கைதான் வேணும். காடும் அப்படித்தான்: கைபடாததாக இருக்கணும்.

பிரேசிலின் ஆக்ரே மாநிலத்தில், பெரு எல்லையை ஒட்டி, அமோனியா ஆற்றங்கரையில் இருக்கிறது அபிவ்ச்சா என்ற அஷானிங்கா கிராமம். வின்சென்ட் கரெல்லி 1986இல் தொடங்கிய 'கிராமங்களில் வீடியோ' இயக்கம் இங்கேயும் வந்து பயிற்சி கொடுத்தது. அதன்பின் இந்தக் கிராமத்துக்காரர்களே எடுத்த படங்களைப் பற்றித்தான் நான் பேச வருவது. வெவிட்டோ பியாக்கோ 2001இல் எடுத்த 'ஷொமோட்சி', தன் உறவுக்காரப் பெரியவர் ஒருவரின் அன்றாடத்தைச் சொல்வது. பென்ஷன் வாங்க நகரத்துக்குப் போகிறார், பணம் வந்து சேரலை, காத்துக் கிடக்கிறார். 'ஆதிவாசி' என்ற நம் சொல்லாடலுக்குள் பென்ஷனுக்கு எங்கே இடம்? வெளியிலிருந்து வந்த காமிரா என்றால் இதை வெட்டி எறிஞ்சிருக்கும்.

2006இல் வெவிட்டோவும் ஐசக்கும் எடுத்த படத்தின் தலைப்பு 'போராடுகிறோம், ஆனாலும் பழம் தின்கிறோம்'. போராட்டம் என்றால் விறைப்பாக இருக்கணும் என்ற எதிர்பார்ப்பை அந்த 'ஆனாலும்' லேசாகக் கிண்டல் பண்ணுது. எல்லை தாண்டி வரும் மரக்கொள்ளையரை எதிர்ப்பதும், காட்டையும் ஆற்றையும் அந்த மண்ணுக்குரிய உயிர்களால் மறுபடி நிரப்புவதும் இந்தப் படத்தில் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள்.

இங்கே காடு இயற்கையாக இல்லை, உழைப்பாக இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1980களில் மஹோகனியையும் செடாரையும் வெட்டிக்கொண்டு போனார்கள். 1992இல் 87,205 ஹெக்டேர் எல்லை வகுக்கப்பட்டு அஷானிங்காக்களுக்கு உரியதானபோது கிடைத்தது அந்தக் காயம்பட்ட காடுதான். வெட்டியதற்கு எதிராக 1996இல் தொடுத்த வழக்கு 2020இல்தான் சமரசத்தில் முடிந்தது: 1.4 கோடி பிரேசில் ரியல், கூடவே பகிரங்க மன்னிப்பு. அதுவரைக்கும் கன்று நடுவதை யாரும் தள்ளிப்போடலை. நடுகிற கை படத்தில் தெரியாமல் போனால் காடு தானாக வளர்ந்ததாக ஆகிவிடும். தானாக வளர்ந்த காட்டில் மனுஷன் அந்நியன். அவனை வெளியேற்றுவதற்குப் 'பாதுகாப்பு' என்று பெயர் வைக்கலாம். அழகான காட்டுப் படங்கள் பலவும் தம்மை அறியாமலே இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கின்றன.

அதுக்காக, உள்ளூர்க்காரன் எடுத்தால் உண்மை அப்படியே வந்துவிடும் என்று சொல்ல வரலை. இதுவும் ஒரு பிரதிதான். யாருக்கு எதைக் காட்டுவது என்ற கணக்கு இதிலும் உண்டு. ஆனா கணக்குப் போடுகிற ஆள் மாறிட்டார்.

பழத்தை மட்டும் ரசித்துவிட்டு, 'போராடுகிறோம்' என்பதை உருவகமாக எடுத்துக்கொள்கிறவர்களும் இருக்கலாம். எல்லைக்கு அந்தப் பக்கம், பெருவின் சவேட்டோ கிராமத்துத் தலைவர் எட்வின் சோட்டா மரக்கடத்தல் பற்றிப் புகார்மேல் புகார் கொடுத்துவந்தவர். 2014 செப்டம்பரில் அவரும் தோழர்கள் மூன்று பேரும் ஒரு கூட்டத்துக்காகக் காட்டு வழியே கிளம்பினார்கள். போய்ச் சேரவேண்டிய இடம் அபிவ்ச்சா. வழியில் நான்கு பேரையும் கொன்றுபோட்டார்கள்.