உலாவியைப் பிடிக்கும் விளம்பரம்

சூரமங்கலத்தில் ஒரு மாணவி, 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் அக்காள் பெற்ற மடிக்கணினியில் தேர்வு விண்ணப்பம் நிரப்புவதாகக் கொள்வோம். திடீரெனத் திரை முழுவதும் சிவப்பு, அலறும் ஒலி, 'வைரஸ் புகுந்துவிட்டது, இந்த எண்ணை அழையுங்கள்!' என்ற மிரட்டல். மூட முயன்றாலும் மூடவில்லை.

பெரும்பாலும் புகுந்திருப்பது வைரஸ் அன்று, வெறும் விளம்பரம். இணையத்தளத்தார் பலர் விளம்பரங்களைத் தாமே தேர்ந்தெடுப்பதில்லை. இடைத்தரகர்கள் நொடிக்குள் ஏலம் நடத்தி அனுப்புகின்றனர். அதிலுள்ள சிறு நிரல் உலாவியை வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. 2016-இல் நியூயார்க் டைம்ஸ், பி.பி.சி. தளங்களிலேயே இவ்வாறு நச்சு விளம்பரங்கள் நுழைந்தன. அவை மிரட்டியதோடு நிற்கவில்லை. பழைய மென்பொருளின் ஓட்டை வழியே, கோப்புகளைப் பூட்டும் நிரலையும் இறக்க முயன்றன.

பழைய கணினிகளுக்கு ஆபத்து இங்கேதான். விண்டோஸ் 7-க்குப் பொதுப் பயனாளர்க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றன. குரோம் உலாவியும் 109-ஆம் பதிப்போடு 2023-இல் அதைக் கைவிட்டது.

மிரட்டும் எண்ணை அழைக்கவே கூடாது. மைக்ரோசாப்டின் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இருப்பதில்லை. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் உலாவியை நிறுத்துக. பாதி நிரப்பிய விண்ணப்பம் போய்விடும், வருத்தந்தான். மீண்டும் திறக்கையில் பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் மறுத்துவிடுக. தெரியாத நீட்சிகளையும் அறிவிப்பு அனுமதிகளையும் நீக்குக. பணம் பறிபோயிருந்தால் தாமதியாமல் 1930-ஐ அழைக்கவும். புதுக் கணினி வாங்க இயலாதோர், திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்கும் லினக்ஸ் வகை ஒன்றை அதே கணினியில் நிறுவிக்கொள்ளலாம்.