தினமும் தண்ணீர் விட்டும் செடி கருகுதா? உப்பு படுத்தும் பாடு!

மரக்காணம்:

"தவறாம தண்ணி விடுறேன். அப்படியும் இலை கருகுதே!"

கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் வீடு கட்டிக் குடியேறிய பலரது அங்கலாய்ப்பு இது. விடை வேண்டுமா? மரக்காணம் உப்பளத்தில் போய்ப் பாருங்கள்!

சென்னைக்குத் தெற்கே சுமார் 120 கிலோ மீட்டரில், விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது மரக்காணம். இங்கே உப்புநீரைப் பாத்தியில் தேக்குகிறார்கள். வெயில் தண்ணீரைக் குடித்துவிடுகிறது. உப்பு தங்கிவிடுகிறது.

நாம் கீரை போடுவதும் பாத்தியில்தான். அங்கே நடப்பதும் இதேதான்!

ஒன்றரைக் கிலோ

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. உங்கள் கிணற்று நீரில் 1 கிராம்தான் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 15 லிட்டர் வாளி ஒன்று ஊற்றுகிறீர்கள். 100 நாளில் மண்ணுக்குப் போகும் உப்பு ஒன்றரைக் கிலோ!

இது மேலிருந்து வருவது. நிலத்தடி நீர் மேலாக இருக்கும் இடங்களில், திரி எண்ணெய் இழுப்பது போல, காய்ந்த மண் கீழிருந்தும் உப்பை இழுக்கும்.

கோடை முழுவதும் இப்படிச் சேர்ந்தால், ஆடி, ஆவணியில் மண்மேல் வெள்ளை பூக்கும். இலை நுனி தீய்ந்து பழுப்பாகும். 'தண்ணி பத்தலை' என்று நினைத்து, அதே உப்புத் தண்ணீரை இன்னும் கொஞ்சம் தெளிப்பார்கள். வினையே அதுதான்!

என்ன செய்யலாம்?

* வெள்ளை பூத்த மேல்மண்ணைச் சுரண்டி அப்புறப்படுத்துங்கள்.

* மேலாகத் தெளிக்காதீர்கள். சாயங்காலம், வேருக்குக் கீழேயும் இறங்கும்படி விடுங்கள். இலைமேல் ஊற்ற வேண்டாம்.

* வைக்கோல், சருகு, தென்னை ஓலை போட்டு மண்ணை மூடுங்கள். ஈரம் நிற்கும், உப்பு மேலேறுவது குறையும்.

* ரசாயன உரமும் உப்பு வகைதான். காய்ந்த மண்ணில் அள்ளிப் போடாதீர்கள். மக்கிய தொழு உரம் போதும்.

* "ஜிப்சம் போட்டா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் உடனே வாங்கிவிடாதீர்கள். அது களர் மண்ணுக்கு மருந்து. வெறும் உவர் மண்ணுக்கு அல்ல. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் முதலில் மண்ணையும் தண்ணீரையும் சோதித்துக் கொள்ளுங்கள்.

எதை நடுவது?

தென்னை, பனை, சப்போட்டா உப்பைத் தாங்கும். காய்களில் பீட்ரூட்டும் கொத்தவரையும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். பீன்ஸ், கேரட், வெங்காயம், எலுமிச்சை தாங்காது.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பார்கள். விதைக்கலாம். ஆனால் உவர் மண்ணில் முளைக்கும் பருவம்தான் கண்டம். கத்தரி, மிளகாய் நாற்றை நல்ல மண் நிரப்பிய தொட்டியில் வளர்த்து, மழை மண்ணைக் கழுவிய பிறகு நடுவது புத்திசாலித்தனம்.

மழைதான் மருந்து

உப்பைக் கழுவ மழைக்கு மிஞ்சிய மருந்து கிடையாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் பாத்தியை உயர்த்தி, வடிகால் எடுத்து வையுங்கள். கரைந்த உப்பு வெளியேற வழி வேண்டுமே!

தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அன்று வெட்டிய குழி பல வீடுகளில் குப்பைக்குழி! அதைத் தூர் வாருங்கள். மழைநீர் நிலத்தில் இறங்கினால்தான் கடல்நீர் உள்ளே நுழையாது. அதை விட்டுவிட்டு ஆழமாக போர் போட்டு உறிஞ்சினால், தோட்டம் மட்டுமா போகும்? பக்கத்து வீட்டுக் குடிநீரும் கரிக்கும்!

மழை வந்தால் உப்பளத் தொழிலாளிக்கு வேலை நின்றுவிடும். அவருக்கு வெயில் வேண்டும். உப்பு விளைய வேண்டும். விளையட்டும். அது அவர் பாத்தியில் விளையட்டும். நம் பாத்தியில் வேண்டாம்!

வருகிற ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியை எடுங்கள்.