ஜனத்தொகை வரைபடமும் போக்குக் கோடும்

1901 முதல் 2011 வரை நம் நாட்டில் எடுக்கப்பட்ட ஜனத்தொகைக் கணக்குகளை வரைபடமாகத் தீட்டினால் பன்னிரண்டு புள்ளிகள் கிடைக்கின்றன. அவற்றினூடே ஒரு நேர்க்கோடு செலுத்துமாறு கணிப்பொறியின் விரிதாளுக்குக் கட்டளையிட்டால், அது நொடிப்பொழுதில் வரைந்துவிடும். இதனைப் போக்குக் கோடு என்பர். அக்கோட்டின்படி 1901-இல் இந்தியாவில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 6.4 கோடி, கணக்கில் வந்தவர்களோ 23.84 கோடி. 2011-க்குக் கோடு கூறுவது 101.2 கோடி, கணக்கெடுப்பு கண்டது 121.09 கோடி. இருபது கோடி மக்களைக் காணாத கோட்டை நம்பிப் பள்ளிகளையும் குடிநீரையும் திட்டமிட இயலுமா?

கணிதத்தில் பிழை ஏதுமில்லை. புள்ளிகளுக்கும் கோட்டுக்கும் உள்ள செங்குத்து இடைவெளிகளின் வர்க்கங்களைக் கூட்டி, அக்கூட்டுத்தொகை மிகக் குறைவாக அமையும் கோட்டையே விரிதாள் தேர்கின்றது. 1805-இல் பிரெஞ்சுக் கணித மேதை லெஜாந்தர் வெளியிட்ட முறை இதுவே. பொருத்தத்தின் அளவாகிய ஆர்-வர்க்கமும் 0.87 என வந்து நம்மைச் சமாதானப்படுத்துகின்றது! பிழை, வெவ்வேறு இயல்புடைய காலங்களை ஒரே கோட்டில் கட்டியதில் உள்ளது. 1911-இல் 25.21 கோடியாக இருந்த தொகை 1921-இல் 25.13 கோடியாகக் குறைந்தது. 1918-இல் பரவிய இன்புளூயன்சா கொள்ளைநோய் இதற்கு முக்கிய காரணம். அதன்பின் எந்தக் கணக்கெடுப்பிலும் தொகை குறையவில்லை. ஆகவே 1921-ஐப் பெரும் பிரிவாண்டு என்பது வழக்கம். முதல் மூன்று புள்ளிகளை மட்டும் கொண்டு கோடிட்டு நீட்டினால் 1951-க்கு 27.3 கோடிதான் வரும். உண்மைத் தொகை 36.11 கோடி.

எனவே வேண்டிய பகுதிக்கு மட்டும் கோடு பொருத்த வேண்டும். ஆனால் விரிதாளின் போக்குக் கோடு ஒரு தொடரின் எல்லாப் புள்ளிகளையும் எடுத்துக்கொள்ளும். பாதியை விடு என்று அதனிடம் கூற வழியில்லை. செய்யத்தக்கது யாதெனில், அதே வரைபடத்தில் இரண்டாவது தொடர் ஒன்றைச் சேர்த்து, அதற்கு 1971 முதல் 2011 வரையுள்ள வரிசைகளை மட்டும் கொடுத்தல். போக்குக் கோட்டை இத்தொடருக்கே இடவேண்டும். புதிய புள்ளிகள் பழையவற்றின்மீதே படிவதால், அவற்றின் குறிகளை மறைத்துவிடலாம். வரைபடம் சிதறல் வகையினதாக இருத்தல் அவசியம். சாதாரணக் கோட்டு வரைபடமானால் 1971, 1981 என்பனவற்றை விரிதாள் 1, 2 என்றே எண்ணிக் கணக்கிடும்.

இவ்வாறு செய்தால் ஆண்டொன்றுக்கு 1.6708 கோடி என்ற சரிவும், 0.99-க்கு மேற்பட்ட ஆர்-வர்க்கமும் கிடைக்கின்றன. இங்கே ஓர் எச்சரிக்கை. சமன்பாட்டின் மாறிலி −3240.21. சரிவை 1.67 என்று சுருக்கி எழுதிவிட்டு 2011-க்குக் கணக்கிட்டால் 1.6 கோடிப் பேர் மறைந்துவிடுவர். ஆண்டுகளை 1971-லிருந்து சுழியம் எனத் தொடங்கி எண்ணினால் இத்தொல்லை பெரிதும் தீரும்.

பகுதியைத் தேர்ந்தெடுப்பது யார் என்பதே கடினமான கேள்வி. விரிதாள் தேர்ந்தெடுக்காது, அதிகாரிதான் தேர்ந்தெடுக்கிறார். விரும்பிய விடை வரும்வரை எல்லையை நகர்த்துவதும் எளிதே. காரணத்தை முதலில் எழுதிவைத்து, பிறகு எல்லையை வகுப்பதே நேர்மையான முறை. 1971-க்குப் பின் பத்தாண்டுதோறும் கூடிய தொகை 13.51, 16.31, 18.23, 18.22 கோடி. ஏற்றம் 1991-க்குப் பிறகே ஒரே அளவாக நிற்கின்றது. 1971 முதலான கோட்டை நீட்டினால் 2021-க்கு 136.5 கோடி, 1991 முதலானதை நீட்டினால் 139.3 கோடி. பின்னது மூன்றே புள்ளிகளின்மீது நிற்பது என்பதையும் மறத்தலாகாது. 2021-இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டமையால், அவ்வாண்டுக்குரிய பதின்மூன்றாவது புள்ளி நம் வரைபடத்தில் இடம்பெறவில்லை.