இறாலின் கண்ணுக்குள் ஒரு பிட்யூட்டரி

சுண்டெலியின் பிட்யூட்டரியைப் பாடமாகப் படிக்கும் கலூர் மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார்: "நாம் தின்னும் இறாலுக்கும் பிட்யூட்டரி உண்டா?"

கிடையாது. ஆனால் அதன் வேலையைச் செய்ய வேறொன்று இருக்கிறது, அதுவும் கண்காம்புக்குள். அடுத்த முறை நாரன் செம்மீன் என்ற இறாலை வாங்கினால் தலையைக் கிள்ளும் முன் பாருங்கள். கறுப்புக் கண்ணைத் தாங்கும் குட்டைக் காம்பினுள் 'எக்ஸ் உறுப்பு' என்ற நரம்பணுக் கொத்து இருக்கிறது. அங்கே உருவாகும் பெப்டைடுகள் நரம்பிழை வழியே வந்து சைனஸ் சுரப்பியில் தங்கும். மட்டாஞ்சேரியில் என் அத்தை பின்கட்டில் அப்பளம் இடுவார். அது சந்து வழியே கடைக்குப் போய், யாராவது கேட்கும்வரை அடுக்கில் இருக்கும். அதே கதைதான். எலியிலும் ஆக்சிடோசின் ஹைப்போதலாமஸில் தயாராகி, பிட்யூட்டரியின் பின்மடலில் இருப்பாகிறது.

சைனஸ் சுரப்பியில் சர்க்கரையை ஏற்றும் ஹார்மோன் உண்டு, ஓடு உரிவதைத் தள்ளிப்போடுவதும் உண்டு. எனக்குப் பிடித்தது சினைப்பையை அடக்கிவைப்பது. நாரன் குஞ்சு காயலில் வளரும், சினை முற்றுவது கடலில். தொட்டியில் அடைத்தால் பெண் இறால் லேசில் சினைப்படாது. 1943-இல் பனூஸ் என்ற பிரெஞ்சுக்காரர் பெண் இறாலின் கண்காம்பை அகற்றினார். பருவமில்லாத பருவத்தில் சினைப்பை பருத்தது. எழுபதுகளில் நம் வைப்பின் தீவின் நாரக்கல்லில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வகத்தில், முத்துவும் லட்சுமிநாராயணாவும் இந்திய இறால்களில் இதைச் செய்து காட்டினார்கள். ஒரு பக்கக் காம்பை மட்டும் அகற்றினால் போதும். சில நாளில் முதுகு ஓட்டின் வழியே சினை கரும்பச்சைப் பட்டையாகத் தெரியும்.

இறால் பண்ணைத் தொழில் தழைக்க இது பெரிதும் உதவியது, மறுக்கவில்லை. ஆனாலும் காம்பை விரலால் நசுக்குவதும், சுட்ட இடுக்கியால் கருக்குவதும், நூலால் இறுக்கிக் கட்டுவதும்தான் நடைமுறை. மயக்க மருந்தெல்லாம் அபூர்வம். வெட்டுப்பட்ட தாய் இறால் அடுத்தடுத்து முட்டையிட்டுத் தளர்ந்துபோகும், முட்டையின் தரமும் இறங்கும். 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் 'விலங்கு' என்றால் மனிதனல்லாத எந்த உயிரும். இறாலென்று வந்தால் அந்த வரி யாருக்கும் ஞாபகம் வருவதாகத் தெரியவில்லை. பிரிட்டன் 2022-இல் நண்டையும் இறாலையும் உணர்வுள்ள உயிர்களாகச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டது.

வேறு வழி இல்லாமலும் இல்லை. அந்த அடக்கும் ஹார்மோனின் மரபணுவை மட்டும் ஊசிமூலம் வாயடைத்து, கண்ணைத் தொடாமலே காரச் செம்மீன் என்ற இறாலைச் சினைப்படுத்தியிருக்கிறார்கள் தாய்லாந்தில். பல தலைமுறையாகத் தொட்டியிலேயே வளர்ந்த வனாமி இறாலோ இரு கண்ணோடும் சினைப்படுகிறது. என்ன, முட்டை கொஞ்சம் தாமதமாகும், தாய் இறாலைக் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் செலவை ஏற்றுமதிக்காரர்கள் தாங்க மாட்டார்களா என்ன?