குறைகிறது பிரேக் ஆயில்... கசிவு எங்கே?
பழைய ஜீப் வைத்திருக்கும் விவசாயிகள் கவனத்துக்கு

திருவள்ளூரிலிருந்து திருத்தணி செல்லும் சாலையில் இருக்கிறது திருப்பாச்சூர். வாசீஸ்வரர் கோயிலுக்குப் பெயர்பெற்ற ஊர். இங்குள்ள விவசாயி ஒருவரிடம் பழைய டீசல் ஜீப் ஒன்று உண்டு. உர மூட்டை, விதை நெல், பழுதான மோட்டார் எல்லாம் அதில்தான் போய்வரும். மழைக்காலத்தில் மற்ற வண்டிகள் சிக்கிக்கொள்ளும் சேற்றிலும் நான்கு சக்கர இழுவை கைகொடுக்கும்.

சில வாரங்களாக அந்த ஜீப்பில் பிரேக் ஆயில் குறைந்துகொண்டே வந்தது. வண்டி நிற்கும் இடத்தில் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. 'வெயிலுக்கு ஆவியாகியிருக்கும்' என்று நினைத்து, குறையும்போதெல்லாம் ஊற்றிவந்தார். ஒருநாள் காலை, கத்தரிக்காய் மூட்டைகளுடன் ஊர்ச் சாலையிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில் பிரேக்கை மிதித்தார். பெடல் அடிவரை இறங்கியது, வண்டி நிற்கவில்லை. எதிரே வரிசையாக லாரிகள். கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்து, ஓரத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினார். யாருக்கும் காயமில்லை.

ஏன் இந்த ஆபத்து?

இரண்டாம் உலகப் போர்க்கால 'வில்லிஸ்' ஜீப்பின் வழிவந்தவைதான், 1940களின் இறுதியிலிருந்து மஹிந்திரா நிறுவனம் இங்கே கொண்டுவந்த ஜீப்புகள். பழைய மாடல்கள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் பாதைதான். ஒரு சக்கரத்தில் கசிந்தாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். பைப் லைன் ஓரிடத்தில் உடைந்தால் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாததைப் போலத்தான் இதுவும். கை பிரேக் கம்பியால் இழுபடுவது. ஆயிலை நம்பி இல்லை. அதனால்தான் அன்று அது காப்பாற்றியது.

பிரேக் ஆயில் வெயிலில் ஆவியாகிக் குறைவதில்லை. லைனிங் தேயத்தேய அளவு சிறிது இறங்கலாம். ஆனால், அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள்.

எங்கே தேடுவது?

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம்.

1. மாஸ்டர் சிலிண்டர்: பல பழைய ஜீப்புகளில் இது ஓட்டுநரின் காலடித் தகட்டுக்குக் கீழே இருக்கும். பெடல் பக்க ரப்பர் உறை ஈரமாக இருந்தால் உள்ளே கப் தேய்ந்திருக்கிறது.

2. ஸ்டாப் லைட் சுவிட்ச்: பழைய வண்டிகளில் இது ஆயில் அழுத்தத்தில் இயங்குவது. வயர் மாட்டும் இடத்தில் ஈரம் கசியும்.

3. பைப், ஹோஸ்: இரும்பு பைப், கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் துருவேறும். ரப்பர் ஹோஸில் வெடிப்பு, உப்பல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

4. வீல் சிலிண்டர்: டயரின் உட்பக்கத்தில் ஈரக் கோடு தெரிகிறதா? தெரியாவிட்டாலும் டிரம்மைக் கழற்றி, சிலிண்டரின் இரு முனை ரப்பர் உறையையும் மெல்ல விலக்கிப் பார்க்க வேண்டும். கசியும் ஆயிலை லைனிங்கும் தூசியும் உறிஞ்சிவிடும், தரையில் சொட்டாது. பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

5. பூஸ்டர் உள்ள வண்டி: வெளியே எங்கும் ஈரம் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். ஆயில் பூஸ்டருக்குள் போய்க்கொண்டிருக்கலாம்.

டிரம்முக்குள் ஈரம் இருந்தாலே அது பிரேக் ஆயில் என்று முடிவுகட்டக் கூடாது. ஆக்சில் சீல் போனாலும் கியர் ஆயில் அங்கே வரும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். வழக்கமான பிரேக் ஆயில் தண்ணீரில் கலந்துவிடும்; கியர் ஆயில் மிதக்கும்.

பெடலை அழுத்திப் பிடித்தால் மெல்ல இறங்குகிறது, ஆனால் ஆயில் குறையவில்லை என்றால், மாஸ்டர் சிலிண்டரின் உள் கப் பழுதாகியிருக்கலாம். கைத்தெளிப்பானில் வாஷர் தேய்ந்தால் அழுத்தம் நிற்காததைப் போலத்தான்.

செய்யக் கூடாதவை

'ஆயில்' என்று சொல்லிப் பழகியதால் சிலர் அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றிவிடுகிறார்கள். அதில் ரப்பர் கப்புகள் ஊதிப்போய் பிரேக் முழுவதும் கெடும். டப்பாவில் பார்க்க வேண்டியது 'டாட் 3' அல்லது 'டாட் 4' என்ற குறியீடு. வண்டிக்கு எது சொல்லப்பட்டிருக்கிறதோ அதையே ஊற்ற வேண்டும். சிலிக்கான் வகையான 'டாட் 5' இவற்றோடு கலக்கக் கூடாது.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும். புதிய 'டாட் 3' கொதிக்கக் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். ஈரம் ஏறினால் அந்த அளவு இறங்கிவிடும். சிலிண்டரும் உள்ளே துருப்பிடிக்கும். திறந்து பல மாதமான டப்பாவைப் பயன்படுத்த வேண்டாம்.

டிரம் தூசியை ஏர் அடித்து ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடைப்பதே பாதுகாப்பு. பிரேக் ஆயில் விஷம். பிள்ளைகளும் கால்நடைகளும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

வாசகர் கேள்வி

கசியும் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதுமா?

ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்து மாற்றுவது நல்லது. ஆயில் ஊறிய லைனிங்கையும் இரு பக்கமும் மாற்ற வேண்டும். பிறகு நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்து, மெதுவாக ஓட்டிப் பார்த்த பின்பே சுமை ஏற்ற வேண்டும்.

திருப்பாச்சூர் ஜீப்பில் கசிவு பின்பக்க இடது வீல் சிலிண்டரில் இருந்தது. உள்ளே துரு அரித்துக் குழி விழுந்திருந்தது. சிலிண்டர்களும் லைனிங்கும் மாற்றிய பிறகு, மூடியைத் திறந்து அளவு பார்ப்பது அவருக்கு வாரந்தோறும் வழக்கமாகிவிட்டது. குறைந்திருந்தால் இப்போது ஊற்றுவதோடு விடுவதில்லை. எங்கே போனது என்று தேடிய பிறகே வண்டியை எடுக்கிறார்.