தூசி உறிஞ்சி வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

நம் தோட்டப் பள்ளியில் படித்த ஒருவர் இப்போது பிறையில் சிறிய தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். பதினெட்டு மாதத் தவணையில் தூசி உறிஞ்சி ஒன்றை வாங்கினார். பதினான்காம் மாதம் இயந்திரம் நின்றது, தவணை நிற்கவில்லை. பழுதானது விரல்நுனி அளவுள்ள ஒரு கரித்துண்டுதான். அது தனியாகக் கிடைக்காது என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள்.

இப்படி நமக்கு நேராதிருக்க என்ன செய்வது? முதலில் இயந்திரம் வேலை செய்யும் விதத்தை அறிவோம்.

1901ஆம் ஆண்டில் இலண்டனில் ஹியூபர்ட் சிசில் பூத் என்ற பொறியாளர் செய்த தூசி உறிஞ்சியைக் குதிரை வண்டியில்தான் கொண்டு செல்ல வேண்டும். தெருவில் நிறுத்தி, நீண்ட குழாயைச் சன்னல் வழியே உள்ளே விடுவார்கள். இன்றைய சிறிய இயந்திரத்திலும் தத்துவம் அதுவே. மோட்டார் விசிறியைச் சுழற்றுகிறது; விசிறி காற்றை வெளியே தள்ளுகிறது; உள்ளே அழுத்தம் குறைவதால் வெளிக்காற்று தூசியோடு பாய்ந்து வருகிறது. பையும் வடிகட்டியும் தூசியைப் பிடித்துக்கொள்கின்றன.

இதில் தேயக்கூடியவை சிலவே: மோட்டாரில் உரசும் கரித்துண்டுகள், மின்கம்பி, குழாய், வடிகட்டி. கரித்துண்டைக் கடைகளில் கார்பன் பிரஷ் என்பார்கள். இவற்றை மாற்ற முடிந்தால் இயந்திரம் பல்லாண்டு உழைக்கும்.

ஆகவே கடையில் மூன்று கேள்விகள் கேளுங்கள். மூடியைத் திருகாணி கழற்றித் திறக்கலாமா, அல்லது ஒட்டி மூடப்பட்டதா? உதிரிப் பாகங்கள் எங்கே, என்ன விலையில் கிடைக்கும்? மின்கலத்தில் இயங்குவதானால், அந்த மின்கலத்தை மட்டும் மாற்றலாமா?

வாட்டு எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் வீட்டுத் தூசி உறிஞ்சிகள் 900 வாட்டுக்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்று விதித்தது. மோட்டார் 500 மணி நேரம் உழைக்க வேண்டும், குழாய் 40,000 முறை வளைந்தும் கெடக்கூடாது என்றும் கூறியது. வாரம் ஒரு மணி நேரம் என்று கணக்கிட்டால், 500 மணி ஏறக்குறைய பத்தாண்டு அல்லவா?

பட்டறைக்குப் பெரிய வாளி கொண்ட இயந்திரமே ஏற்றது. நுண்ணிய மரத்தூள் நுரையீரலுக்குக் கேடு. நல்ல வடிகட்டி அவசியம். கழுவிய வடிகட்டியை நன்கு காயவைத்த பிறகே பொருத்துங்கள். ஈரம் மோட்டாரைக் கெடுக்கும். சூடான சாம்பலை உறிஞ்சவே கூடாது. சிமெந்துத் தரை மட்டும் உள்ள வீட்டுக்கு விளக்குமாறே போதும், கடன்பட வேண்டியதில்லை.

மலேசியாவில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, வீட்டு உபயோகப் பொருளுக்கு நியாயமான காலம் வரை பழுதுபார்ப்பும் உதிரிப் பாகமும் கிடைக்க வழிசெய்கிறது. ஆனால் அவை கிடைக்காது என்று விற்பவர் முன்கூட்டியே தெரிவித்துவிட்டால் அந்த உரிமை இல்லை. ஆகையால் பணம் கட்டுமுன் கேளுங்கள். பதிலை இரசீதில் எழுதி வாங்குங்கள். பட்டறைக்கு வாங்குவோருக்கு அந்த எழுத்தே துணை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியோர். நம் பணம் வியர்வையில் வந்தது. அதைத் திறக்க முடியாத பெட்டிக்குள் போட்டுவிட வேண்டாம்.